நாடுகடத்தப்பட்ட கைதியின் தடம்: லண்டனில் தொடங்குவதா, சிட்னியில் தொடங்குவதா?

கப்பல்தடம்:
பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதியை முன்னோராகத் தேடுபவர்கள், 'ஜான் ஸ்மித், 7 ஆண்டு, நியூ சவுத் வேல்ஸ்' என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக் குடும்ப மரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். தொடக்கம் விசாரணையாக இருக்கட்டும். லண்டன் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் வழக்குகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசம். தீர்ப்புத் தேதியை எடுத்துக்கொண்டு லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஹெச்.ஓ. 11 என்ற நாடுகடத்தல் பேரேட்டுக்குப் போனால் கப்பல் பெயர் கிடைக்கும்.

வேர்தேடி:
ஓல்ட் பெய்லி என்றால் பெரும்பாலும் லண்டன், மிடில்செக்ஸ் வழக்குகள்தான். மற்ற ஊர்களில் விசாரிக்கப்பட்டவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். இன்று ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருக்கும், ஒரு காலத்தில் கைதியாக வந்த மேரி ரைபியையே பாருங்கள். குதிரைத் திருட்டுக்காக ஸ்டாஃபோர்டில் விசாரிக்கப்பட்டார், அதுவும் ஆண் வேடத்தில், ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரில். அயர்லாந்துக்காரர் என்றால் இன்னும் மோசம்: 1836க்கு முந்தைய நாடுகடத்தல் பேரேடுகள் 1922 டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் போய்விட்டன. ஆஸ்திரேலியாவில் கிடைக்கும் கடைசி ஆவணத்திலிருந்து பின்னோக்கி வருவதே சரி.

கப்பல்தடம்:
ரைபி என்று பின்னோக்கிப் போனாலும் 1792இல் வந்த ராயல் அட்மிரல் கப்பலில் அந்தப் பெயர் இருக்காதே. அது 1794 திருமணத்தில் வந்த பெயர். தவிர, நியூ சவுத் வேல்ஸில் அரசுப் பதிவு தொடங்கியதே 1856 மார்ச்சில். அதற்கு முந்தைய தேவாலய அடக்கப் பதிவில் பெற்றோர் பெயரைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது.

வேர்தேடி:
அதனால்தான் அடக்கப் பதிவில் நிற்காமல் தண்டனைக் காலம் முடிந்ததும் கொடுத்த விடுதலைச் சான்றிதழைத் தேடச் சொல்கிறேன். 1827க்குப் பிந்தைய சான்றிதழில் கப்பல், வந்த ஆண்டு, விசாரணை நடந்த இடம், தேதி, பிறந்த ஊர், தொழில், உயரம், கண் நிறம், தழும்பு எல்லாம் இருக்கும். அதில் இரண்டை மட்டும் முதலில் பிடியுங்கள்: கப்பல், விசாரணைத் தேதி. வயதை நம்பாதீர்கள். ஒரே ஆளுக்கு ஆவணத்துக்கு ஆவணம் நாலைந்து வருடம் மாறும். விசாரணைத் தேதி அப்படி மாறாது, எழுத்தர் பிழை இருந்தால் ஒழிய.

கப்பல்தடம்:
ஆயுள் தண்டனைக்காரருக்கு அந்தச் சான்றிதழே கிடையாதே?

வேர்தேடி:
கிடையாது. அவருக்கு நிபந்தனை மன்னிப்பைப் பாருங்கள். அதற்கு முன்பு டிக்கெட் ஆஃப் லீவ், அதாவது தண்டனைக் காலத்திலேயே தனக்காக வேலை செய்து வாழும் அனுமதிச் சீட்டு இருக்கும். வேலைக்கு ஒப்படைக்கப்பட்ட ஒரே எஜமானரிடம் ஒழுங்காக இருந்தால் 7 ஆண்டுத் தண்டனைக்காரருக்கு 4 ஆண்டிலும், 14க்கு 6இலும், ஆயுளுக்கு 8இலும் கிடைத்தது. அதன் அடிக்கட்டையில் எந்த மாவட்டத்தில் தங்க அனுமதி என்று எழுதியிருக்கும். ஆள் எங்கே வாழ்ந்தார் என்பதற்கு அதைவிட நல்ல துப்பு இல்லை.

ஹோபார்ட்_ஏடு:
இருவரும் சிட்னியையே சுற்றுகிறீர்கள். டாஸ்மேனியாவுக்குப் போனவர் என்றால் நேரே நடத்தைப் பதிவு. அது டாஸ்மேனிய ஆவணக் காப்பகத்தில் 'கான்' என்ற வரிசை எண்களில் இருக்கும்: ஆண்களுக்கு கான் 31, சுமார் 1840க்குப் பின் வந்தவர்களுக்கு கான் 33. பெண்களுக்கு கான் 40, கான் 41. படங்கள் இலவசம். ஒரே பக்கத்தில் விசாரணை, குற்றத்தைப் பற்றி அவரே சொன்னது, பிறகு தீவில் செய்த ஒவ்வொரு தவறும் தேதியோடு: குடிபோதை, அனுமதியின்றி வெளியே போனது, தனிச்சிறை எத்தனை நாள். கையெழுத்து பொடி, சொற்சுருக்கங்கள் ஏராளம், வரிகள் ஓரத்தில் செங்குத்தாகவும் ஏறும். பிற்காலத்தில் வந்த ஆண்களுக்கு கான் 14 என்ற வருகைப் பட்டியலையும் திறந்து பாருங்கள்; தாய் தந்தை, உடன்பிறந்தார் பெயரெல்லாம் இருக்கும். ஜான் ஸ்மித்துகளைப் பிரிக்க இதுதான் உதவும்.

கப்பல்தடம்:
கான் 14ஐ ஏற்கிறேன். ஆனால் அந்தப் பெயர்களை இங்கிலாந்தின் ஞானஸ்நானப் பதிவோடு ஒப்பிட்டால்தான் அவை உறுதியாகும். அப்போது திரும்ப என் பக்கம் வந்தாக வேண்டும்.

வேர்தேடி:
வரலாம், கடைசியாக. ஒரு எச்சரிக்கையும்: ஹெச்.ஓ. 11இல் பெயர் இருந்தாலே வந்து சேர்ந்தார் என்று முடிவு கட்டாதீர்கள். அது கப்பலில் ஏற்றப்பட வேண்டியவர்களின் பட்டியல். வழியில் இறந்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் இறங்கியபோது எழுதிய 'இண்டென்ட்' என்ற வருகைப் பட்டியலில் அவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் கியூவில் கடற்படை ஆவணங்களின் ஏடிஎம் 101 வரிசையில் அந்தக் கப்பலின் மருத்துவர் குறிப்பைத் திறக்கவும்.