கருத்தடை கேட்டுப் போனபோது உங்களுக்கு என்ன நடந்தது? மலேசியத் தோட்டத்துப் பக்கத்து அனுபவங்கள்

லயத்துப் பொண்ணு:
சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். 20 வயதில் நடந்தது இது. காண்டம் கிழிந்துவிட்டது. மறுநாள் காலை ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அக்கா, திருவிழா நேரத்தில் என் அம்மாவோடு உட்கார்ந்து பூக்கட்டுகிறவர். "என்னம்மா சீக்கு?" என்றார். காய்ச்சல் என்று சொல்லி வைத்தேன்.

உள்ளே டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை என்றேன். பேனாவை மூடிவிட்டார். "அம்மாவைக் கூட்டிட்டு வா." எப்போது நடந்தது, கடைசியாக எப்போது தீட்டு வந்தது, எதுவுமே கேட்கவில்லை. வெளியே வந்தால் காய்ச்சல் மாத்திரை கட்டித் தயாராக இருக்கிறது, அதற்குக் காசு வேறு!

அப்படியே பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனேன். அங்கே ஒரு பார்மசியில் சீன அம்மா ஒருவர் மருந்தாளர். டாக்டர் கேட்காததையெல்லாம் அவர் கேட்டார், கல்யாணத்தைத் தவிர. பெயரையும் ஐசி (அடையாள அட்டை) நம்பரையும் எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது. டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. கடையிலேயே தண்ணீர் வாங்கி அவசரக் கருத்தடை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். எங்கள் டவுன் பார்மசியிலும் இதே மாத்திரை இருந்திருக்கும். ஆனால் அங்கே யார் யாருக்குச் சொந்தம் என்று உங்களுக்கே தெரியும்.

லோரி தம்பி:
ஆண்களுக்கு மட்டும் சுலபமா அக்கா? 24 மணி நேரக் கடையில் காண்டம் வாங்கப் போனேன். கல்லாவில் என் கூட்டாளியின் தங்கச்சி. சிகரெட் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். நான் சிகரெட் பிடிப்பவன் கூட இல்லை.

பள்ளியில் இதற்குப் பாடம் உண்டு. எங்கள் வாத்தியார் அந்தப் பக்கம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பந்து விளையாட அனுப்பிவிட்டார். மிச்சத்தை வாட்ஸ்அப்பில் கற்றோம். கோக் ஊற்றிக் கழுவினால் போதும், வெளியே எடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது, இந்த மாதிரி.

செம்பனை அத்தை:
எனக்கு வயது 70க்கு மேல். 1966ல் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தது. அதற்கப்புறம் எங்கள் தோட்டத்துக்கு மிஸ்ஸி (நர்ஸ்) கருத்தடை மாத்திரையோடு வருவார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பக்கம் பெண்களை உட்காரவைத்துப் பேசுவார். பிள்ளை பெற்றவர்களைத்தான். வயசுப் பெண் யாராவது எட்டிப் பார்த்தால் எங்கள் அம்மாக்களே விரட்டிவிடுவார்கள். 1984ல் அப்போதைய பிரதமர் மகாதீர் நாட்டுக்கு 7 கோடி மக்கள் வேண்டும் என்றார். எங்கள் பக்கம் அந்தக் கூட்டங்களும் குறைந்துபோயின.

அந்த வயசுப் பெண்களுக்கு யார் சொன்னார்கள்? பப்பாளி, அன்னாசி, எள்ளு. ஒருத்தி ஏதோ நாட்டு மருந்து குடித்து ரத்தம் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்கப்புறம் அவள் தோட்டத்துப் பக்கமே வரவில்லை.

புது மருமகள்:
எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அதனால் அரசாங்க கிளினிக்கில் அந்தக் கேள்வி வரவில்லை. வந்தது வேறு: "புருஷனுக்குத் தெரியுமா?" மூன்று மாத ஊசி போட்டேன். மாமியார் இன்னும் விடவில்லை, ஊசி போட்டால் கர்ப்பப்பை காய்ந்துவிடுமாம். நிஜமா?

மிஸ்ஸி அக்கா (ஓய்வு):
காயாதும்மா. ஊசியை நிறுத்தியபிறகு கரு தங்கப் பல மாதம் ஆகலாம், சிலருக்கு ஒரு வருஷம்கூட. அடுத்த வருஷமே பிள்ளை வேண்டும் என்றால் ஊசி வேண்டாம், மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். கையில் தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி 3 வருஷத்துக்கு, எடுத்த கையோடு கரு தங்கலாம்.

தம்பி, வெளியே எடுப்பதை மட்டும் நம்பும் 100 ஜோடிகளில் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 20 பேருக்குக் கரு தங்கிவிடும். காண்டம் என்றால் 13, அதுவும் அவசரத்தில் தப்பாகப் போடுவதையும் சேர்த்து. குச்சியில் ஒருவரைவிடக் குறைவு. ஆனால் உறவால் பரவும் நோயைத் தடுப்பது காண்டம் மட்டும்தான். கோக் பாட்டிலைக் குடிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்துப் பொண்ணு, உங்களுக்கு நடந்ததைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணமாகாதவர்களுக்குக் கருத்தடை கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. இளையோரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2012ல் வழிகாட்டியே போட்டது. 18க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் கேட்பார்கள், அது உண்மை. 16க்குக் கீழே உள்ள பெண்ணோடு உறவு என்றால் சட்டப்படி அது வல்லுறவு. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017 சட்டத்துக்குப் பிறகு தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். அந்த வயதுப் பிள்ளை வந்தால் திட்டி அனுப்பாதீர்கள், யார் அவளை அப்படிச் செய்தது என்று முதலில் பாருங்கள்.

ஊரில் முகம் தெரியும் என்று பயந்தால் எல்பிபிகேஎன் (அரசாங்கத்தின் மக்கள் தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்) கிளினிக் இருக்கிறது. 1958லிருந்து நடக்கும் குடும்ப நலச் சங்கங்களின் கூட்டமைப்புக்கும் மாநிலங்களில் கிளைகள் உண்டு. முதலில் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

லயத்துப் பொண்ணு:
அக்கா, அன்று நான் போட்ட அந்த அவசர மாத்திரை கருவைக் கலைக்குமா? என் அறைத்தோழி அப்படித்தான் சொல்கிறாள்.

மிஸ்ஸி அக்கா (ஓய்வு):
இல்லை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அது வேலையே செய்யாது. அதனால்தான் அவசரம்: உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், முதல் நாளே போட்டால் இன்னும் நல்லது.

பெயர் வேண்டாம்:
போட்டு ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுத்தால்? இன்று காலை.

மிஸ்ஸி அக்கா (ஓய்வு):
இன்னொரு மாத்திரை போட வேண்டும். வாங்கிய கடைக்கே இப்போதே போய் வாந்தி எடுத்ததைச் சொல்லுங்கள். ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். தீட்டு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பார்மசியில் கர்ப்பப் பரிசோதனைக் குச்சி வாங்கிப் பாருங்கள். கூட வர யாரும் இல்லையென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.