ரோஸ்மேரியைத் தண்ணீர் ஊற்றியே கொன்றவன் பேசுகிறேன்

சமையலில் வாசனைக்குப் போடுகிற ரோஸ்மேரியை வளர்த்தவர்கள் எல்லாரும் அது சுலபத்தில் சாகாத செடி என்கிறார்கள். என் கையில் இரண்டு செத்திருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் என் பாசம்தான்.

முதல் செடியில் அடி இலைகள் பழுப்பாகி உதிர ஆரம்பித்தன. வாடுகிறதே என்று காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு ஊற்றினேன். மறு வாரம் சருகாக நின்றது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் மண் சொதசொதவென்று இருக்கிறது. வேரெல்லாம் கறுத்துப்போய், இழுத்தால் தோல் உரிந்து கையோடு வருகிறது. வேர் அழுகிவிட்டால் தண்ணீர் மேலே ஏறாது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். இது தெரியாமல் இரண்டாவது செடியையும் இதே மாதிரி காப்பாற்றினேன்!

அப்புறம்தான் இலையை உற்றுப் பார்த்தேன். ஊசி போலத் தெரிந்தாலும், ஓரங்கள் கீழ்ப்பக்கமாகச் சுருண்ட இலை அது. திருப்பினால் அடியில் வெள்ளையாகப் பொடி ரோமம். மூச்சுத் துளைகள் அதற்குள் பதுங்கியிருப்பதால் ஈரம் சட்டென்று வெளியேறாது. மத்தியதரைக் கடலோரப் பாறைச் சரிவுகளில் மழையில்லாத கோடையைத் தாண்டுகிற செடி. அதற்குப் போய் இரண்டு வேளைத் தண்ணீர்.

மூன்றாவது, நண்பர் ஒடித்துத் தந்த கிளை. விதையில் முளைப்பு குறைவு என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. பூக்காத இளந்தண்டு, 10 செ.மீ. இருக்கும். கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில் குத்தினேன். நான்கு வாரத்தில் வேர் பிடித்தது. இப்போதெல்லாம் விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.

சரி, தப்பு அதோடு நிற்கவில்லை. செடி வளர்ந்ததும் அழகாக இருக்கட்டும் என்று ஒரு பக்கம் இலையே இல்லாத முற்றிய தண்டு வரை வெட்டினேன். அந்தப் பக்கம் இன்றுவரை மொட்டை. பச்சை இலைக்கு மேலேதான் வெட்ட வேண்டுமாம்.

போன மாதம் பூத்தது. வெளிர்நீலத்தில், உதடு பிளந்த மாதிரிச் சின்னப் பூ. ஒரே குடும்பம்தான் என்றாலும் துளசிப் பூவில் மகரந்தத் தாள் நான்கு, இதில் இரண்டே இரண்டு. அதே குடும்பத்துச் சால்வியா என்ற பேரினத்துச் செடிகளுக்கும் இரண்டுதான். மரபணு ஆய்வை வைத்து 2017-இல் இதையும் அந்தப் பேரினத்தில் சேர்த்து, சால்வியா ரோஸ்மரினஸ் ஆக்கிவிட்டார்கள்.

சமையலுக்குக் கிள்ளத்தான் போனேன். பூவில் ஒரு தேனீ தலையை நுழைக்க, வளைந்த அந்த இரண்டு தாள்களும் அதன் முதுகில் உரசின. அன்று கிள்ளவில்லை.