பாய தார்சாவுல போட்டுக்கிட்டாவ

பீடிக்காரி, முக்கூடல் பக்கம்:
கேன்சர் வந்த வீட்டுக் கதைய இந்த குரூப்புல எல்லாரும் எழுதுறத பாத்துட்டு நானும் எழுதுதேன், பேரு வேண்டாம். வயசு 46. கர்ப்பப்பை வாய் கேன்சர், ரெண்டாம் ஸ்டேஜ், 25 நாளு வெளிக் கரண்டு (ரேடியேஷனத்தான் கரண்டும்போம்), வாரம் ஒரு கீமோ, பொறவு உள்ள வச்சு குடுக்குற கரண்டு 3 தடவ. அங்க போயி தண்ணியக் குடிச்சுட்டு மூத்திரத்த அடக்கிக்கிட்டே உக்காந்திருக்கணும், மிசின் மக்கர் பண்ணுச்சுன்னா பாத்துக்கோங்க நம்ம பாட்ட. எங்க வீட்டுக்காரவிய ஒரு நாளு தப்பாம தூக்குவாளில கஞ்சியோட வந்தாவ, அதுல ஒரு குறை சொல்ல மாட்டேன்.

எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரி அவிய பாய சுருட்டிக் கொண்டுபோயி தார்சாவுல, அதான் வராந்தாவுல, போட்டுக்கிட்டாவ. "நீ கால நீட்டி நல்லாப் படு"ன்னாவ, அவ்வளவுதான். மாசம் மூணாச்சு. எனக்கு தீட்டு நின்னு போயி ராத்திரி திடீர்னு ஒடம்பு காந்தும், வேர்த்து ஊத்தும், பீடிச் சுளவ எடுத்து விசிறிக்கிட்டு இருப்பேன், அந்தப் பக்கம் அவியளும் தூங்காம இருமுறது கேக்கும். அருவருப்புதான்னு நானா முடிவு கட்டிட்டேன், பிள்ளையட்ட சொல்ற காரியமா இது?

செக்கப்புல நர்ஸம்மா கேட்டாவ, உள்ள ஒட்ட ஆரம்பிச்சிருக்கே, டைலேட்டர் போடலயாம்மான்னு. கரண்டு வச்ச பொறவு பிறப்புறுப்பு உள்ள ஒட்டிராம இருக்கப் போடுற கொழா மாதிரி சாமானாம், அப்பிடி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது குடுத்த பேப்பர்ல இருந்துச்சாம், இங்கிலீஷ்ல. என்னத்தச் சொல்ல. அவியளயும் உள்ள கூப்பிட்டாவ. சொவத்தப் பாத்துக்கிட்டே கேக்காவ, "அந்தக் கரண்டு இன்னும் அவ ஒடம்புல இருக்குமா, நான் தொட்டா எதும் ஆயிருமா? இந்தக் கேன்சரக் கொண்டுவார கிருமி ஆம்பளட்ட இருந்துதான் வருதுன்னு டீக்கடைல சொன்னானுவ, அப்பம் நான்தான் குடுத்தேனா?"

அந்த மூணு மாசமும் இதத்தான் நெஞ்சுல சொமந்துருக்காவ. நர்ஸம்மா பொறுமையா சொன்னாவ, மிசின நிறுத்துனா கரண்டும் நின்னுரும், கேன்சர் தொட்டா ஒட்டாது, அந்த எச்பிவி கிருமி முக்காவாசிப் பேருக்கு எப்பவாச்சும் வந்துட்டு தானாப் போயிரும், சிலருக்குத்தான் வருசக்கணக்குல தங்கும், யாருட்ட இருந்து யாருக்குன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதுன்னு.

அன்னைக்கே எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனைக்காதீங்க, பாய் உள்ள வந்துச்சு, அவ்வளவுதான். டைலேட்டர் வாரத்துல 3 நாளு, ஜெல்லு தடவி ஒரு 5, 10 நிமிசம். மொத தடவ அழுதுட்டேன். நான் தாழ்ப்பா போட்டா அவிய பேரனத் தூக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போயிருவாவ, திரும்பி வந்து ஒண்ணும் கேக்க மாட்டாவ. மத்தது நடக்க இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு.

சேரன்மாதேவிக்காரன்:
அக்கா, என் வீட்டுக்காரிக்கு ஓவரில, அதான் சினைப்பைல, கேன்சர். நான் தைரியமா இரு, தைரியமா இருன்னே சொல்லிட்டு கெடந்தேன், ஒரு நாளு "ஒரு மணி நேரமாச்சும் என்னை அழ விடுங்களேன்"னுட்டா. அதுல இருந்து வாயத் தொறக்காம பக்கத்துல உக்காருவேன். எனக்கே ஒரு ராத்திரி முடியாம 14416க்கு போன் போட்டேன், மனசு கஷ்டத்துக்குப் பேசுற கவர்மெண்டு நம்பர், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசுதாவ.

பாளையங்கோட்டை மைனி:
உங்களுக்காச்சும் பாய் திரும்பி வந்துச்சு. எனக்கு வரல, இப்ப எங்க நாத்தனாருதான் கூட வாராவ. டாக்டர் எனக்கும் ஜெல்லு சொல்லிருக்காவ, மெடிக்கல்ல போயி எப்பிடிக் கேட்டீய? கூச்சமா இருக்கு.

பீடிக்காரி:
வாயால கேக்கவே இல்ல மைனி. வாட்டர் பேஸ் ஜெல்லுன்னு சீட்டுல எழுதிக் குடுத்துவிட்டேன். இங்க மெடிக்கல் வச்சிருக்க பையன் எங்களுக்கு சொந்தம், அதனால அவிய அம்பைக்கு பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வந்தாவ, ஒண்ணுக்கு மூணா.