பின்கோடு வருது, பேர் வரமாட்டேங்குது

பழைய சார்ட்டர், கும்பகோணம்

வயசு 68. ஆர்.எம்.எஸ்.ல (ரயில்வே தபால் சர்வீஸ்) 34 வருஷம் தபால் பிரிச்சவன். 609001 மாயவரம், 613001 தஞ்சாவூர், 625001 மதுரை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனா தினம் வாக்கிங்ல பார்க்கிற ஆளோட பேர் வரமாட்டேங்குது. போன மாசம் கல்யாண வீட்டுல, கூட வேலை பார்த்தவரை மகனுக்கு அறிமுகப்படுத்தப் போய், பேர் தொண்டையிலேயே நின்னுடுச்சு.

நரம்பு டாக்டர்கிட்ட போனேன். 11 மணி 10 நிமிஷம் காட்டுற மாதிரி கடிகாரம் வரையச் சொன்னார். 100லிருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னார். காண்டாமிருகத்தைக் காட்டி இது என்னன்னு வேற (சிரிப்பு வந்துடுச்சு). 30க்கு 27. 26 எடுத்தாலே நார்மல், போயிட்டு வாங்கன்னுட்டார்.

பயம் போகலை. எங்க அண்ணன் கடைசிக் காலத்துல என்னையே "யாருப்பா நீ"ன்னு கேட்டார். ராத்திரி 3 மணிக்கு முழிச்சுக்கிட்டு பின்கோடு ஒப்பிச்சுப் பார்க்கிறேன். ஒண்ணு தடுக்கினா போதும், விடியற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிப்புதான். யாருக்காவது இப்படி உண்டா?

லேப்காரன்

சார், சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறீங்களா? வருஷக்கணக்கா போட்டா வைட்டமின் பி12 குறையலாம். அது குறைஞ்சா மறதியும் வரும், மனசும் சோர்ந்து போகும். தைராய்டும் சேர்த்துப் பார்த்துடுங்க.

கீரைப்பாத்தி

வல்லாரை சாப்பிடுங்க ஐயா.

ரிட்டயர்டு டீச்சர்

எனக்கு 71, அதனால தம்பின்னே கூப்பிடுறேன். நானும் பழைய வகுப்போட அட்டெண்டன்ஸ் வரிசையை ஒப்பிச்சுக்கிட்டுக் கிடந்தவதான். நடுராத்திரியில உங்களுக்கு நீங்களே பரீட்சை வைக்கிறதை முதல்ல நிறுத்துங்க. பயந்துக்கிட்டே இருந்தா எதையும் கவனிக்க மாட்டோம், கவனிக்காதது எப்படிப் பதியும்? மனச்சோர்வுக்குன்னு 15 கேள்வி உண்டு, ஆமா இல்லைன்னு பதில் சொன்னா போதும். அதைக் கேட்டாங்களா? எனக்கு அதுலதான் பிடிபட்டது. ஆமா, வீட்டம்மாவைப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே?

பழைய சார்ட்டர்

மெட்ஃபார்மின் 9 வருஷமா. நாளைக்கே ரத்தம் கொடுக்கிறேன். வல்லாரைத் துவையல் அவதான் அரைப்பா, எனக்குத் தெரியாது.

அக்கா, அவ போய் 14 மாசம். அந்த 15 கேள்வியை யாரும் கேட்கலை. விசேஷத்துக்குப் போனா, பேர் வராதப்ப அவ பக்கம் திரும்புவேன். "பெரிய தெரு ஜவுளிக்கடைக்காரர் மச்சான், ராமு"ன்னு காதோரம் சொல்லுவா. ஊர் நம்பர் எல்லாம் என்கிட்ட, ஆள் பேர் எல்லாம் அவகிட்ட. 40 வருஷம் இப்படித்தான் ஓடியிருக்கு. எழுதும்போதுதான் உறைக்குது.

பழைய சார்ட்டர் (ஆறு நாள் கழிச்சு)

பி12 குறைவுதான், ஊசி ஆரம்பிச்சாச்சு. டாக்டர்கிட்ட அந்தக் கேள்விகளை நானே கேட்டு வாங்கினேன், அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கார். வாக்கிங் ஆள்கிட்ட "மன்னிக்கணும், உங்க பேர் மறந்துட்டேன்"னு கேட்டே விட்டேன். அவருக்கும் என் பேர் தெரியாதாம். ரெண்டு வருஷமா "சார்"னே ஓட்டியிருக்கார்.