மறுத்த பெண்ணைத் தொடர்வதும் காதல்தான் என்கிறான் மகன்

கேள்வி (அம்பாசமுத்திரத்துத் தாய்):
பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன், ஒரு பெண் மறுத்த பிறகும் அவள் ஏறும் பேருந்திலேயே ஏறிச் செல்லும் தன் நண்பனைப் பற்றி, "விடாமல் இருந்தால் மனம் மாறத்தானே செய்யும்" என்று சாதாரணமாகச் சொன்னான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. உண்மையான அன்பு அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறான். இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது? இருபது வயதில் அதை மாற்ற முடியுமா?

பதில் 1 (உளவியல் ஆசிரியர்):
அக்கா, பொம்மையை ஒருவர் அடிக்கும் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, அடித்தவர் தண்டிக்கப்பட்டதையும் பார்த்த குழந்தைகள் அச்செயலைக் குறைவாகவே செய்ததாக 1965இல் எழுதினார். ஆனால் செய்து காட்டினால் பரிசு உண்டு என்றதும் அவர்களும் தண்டனையைப் பார்க்காத குழந்தைகளைப் போலவே செய்து காட்டினார்கள். பார்த்ததெல்லாம் உள்ளே பதிந்துவிடுகிறது. செய்வதா வேண்டாமா என்பதை விளைவுதான் முடிவு செய்கிறது. நம் திரைப்படங்கள் பலவற்றில் பின்தொடர்பவனுக்கு ஒரு பாட்டும் கடைசியில் பெண்ணும் கிடைத்துவிடுகின்றன. அந்த நாட்களில் அவள் என்ன பாடுபட்டாள் என்பது மட்டும் காட்டப்படுவதில்லை. ஆகவே அறிவுரை சொல்லாமல், அவள் வீட்டுக்குச் செய்தி போனால் அவளுடைய படிப்பு என்னவாகும் என்று அவனையே யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள். பேருந்தில் பயந்துபோய் அவள் சிரித்துவைப்பதைக்கூட அந்த நண்பன் பரிசாக எடுத்துக்கொள்வான். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை எளிதில் அணையவிடாது என்பது பழக்கங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி.

பதில் 2 (வண்ணாரப்பேட்டை):
அண்ணாச்சி, திரையை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே ஆண்கள் பள்ளியில் படித்து, வீட்டிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வளர்ந்தவனுக்கு, பெண்ணின் மறுப்பு ஒரு மனுஷியின் முடிவாகத் தோன்றாமல் தாண்ட வேண்டிய தடையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சாதிப் பகையால் சக மாணவர்கள் வெட்டிய நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடைசெய்ய 2024இல் பரிந்துரைத்தது. மாணவர்களிடையே சாதிப் பகை இப்படி இருக்கும் சூழலில் இந்தப் பேருந்துப் பயணம் இரண்டு குடும்பங்களையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் அவனுக்குச் சொல்ல வேண்டும். பின்தொடர்தல், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம் என்பதும் அந்த வயதில் பலருக்குத் தெரியாது.

கேள்வி கேட்டவர்:
அவன் அப்பா காதுக்குப் போனால் அடியில்தான் முடியும். என் தம்பியிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுவான்.

பதில் 1:
அப்படியானால் மாமாவே பேசட்டும், அக்கா. ஆனால் பேச்சை உங்கள் மகன் மேல் திருப்பாமல் நண்பனைப் பற்றியே பேசி, அவனைத் தடுக்க நீ என்ன செய்வாய் என்று கேட்கச் சொல்லுங்கள்.