வெரிபீ இடைத்தேர்தலில் எண்ணிக்கை முகவராக இருந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டிம் பல்லாஸ் சட்டமன்ற உறுப்பினர் பதவியிலிருந்து விலகியதால் 2025 பிப்ரவரி 8-ல் வெரிபீயில் நடந்த இடைத்தேர்தலை வைத்து, வாக்கு எண்ணிக்கையை வேட்பாளர் சார்பில் கண்காணிக்கும் புது முகவர்களுக்குத் தமிழில் கையேடு தயாரிக்கிறோம். செல்லாத வாக்குப் பகுதிதான் இடிக்கிறது.

இங்கே வாக்குச் சீட்டில் வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே உள்ள எல்லாக் கட்டத்துக்கும் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என எண் போட வேண்டும். கடைசி ஒன்று மட்டும் காலியாக இருந்தால் பரவாயில்லை. 4 இரண்டு முறை விழுந்தால் சீட்டு போச்சு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் 1 மட்டும் போட்டாலே செல்லும். சிட்னியில் பழகியவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான்.

1-ஆ 7-ஆ என்று புரியாத சீட்டு வந்தால் அதிகாரியிடம் எப்படி ஆட்சேபித்தீர்கள்? முகவர் சீட்டைத் தொடக்கூடாதே, அதனால் அப்போது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதினால் நல்லது. ஆங்கிலத்தில் இருந்தாலும் சரி, தமிழாக்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.