சிறுவர்களுக்கான நகர விளையாட்டில் திவால் இருக்கலாமா?

வரைபடப்பித்தன்:
சிறுவர்களுக்கு ஏற்ற நகர் கட்டும் கணினி விளையாட்டுகள் என்று இப்போது பரிந்துரைக்கப்படுபவற்றைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. வரி கிடையாது, கடன் கிடையாது, தீவிபத்து கிடையாது. எதை எங்கே வைத்தாலும் நட்சத்திரமும் கைதட்டலும்! 1989இல் வந்த சிம்சிட்டியில் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று மூன்றே மண்டலங்கள். அவற்றுக்கு மின்சாரமும் பாதையும் கொடுத்து, வரியை ஏற்றி இறக்கினால் நகரம் வளரும். சாலைப் பராமரிப்பு நிதியில் கை வைத்தால் சாலைகள் பெயர்ந்து காணாமல் போகும். இது ஒரு சிறுவனுக்குப் புரியாதா? நிஜ நகரம் எப்படி நடக்கிறது என்று அந்த பட்ஜெட்டே கற்றுக்கொடுத்துவிடும். எளிமை என்ற பெயரில் விளையாட்டின் முதுகெலும்பையே உருவிவிட்டார்கள்.

நீலக்கூரை:
பிள்ளைகள் எல்லோரும் நகராட்சி ஆணையர் வேலைக்கா பயிற்சி எடுக்கிறார்கள்? டவுன்ஸ்கேப்பர் என்ற விளையாட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். கடலின் மேல் தொட்டால் ஒரு மேடை முளைக்கும். அதன்மேல் மறுபடியும் தொட்டால் வீடு, இன்னொரு முறை தொட்டால் மாடி. நாலு பக்கமும் வீடுகளால் அடைத்தால் நடுவில் தோட்டம் தானாக உருவாகும். கீழ்த்தளத்தை நீக்கினால் மேல்தளம் தூண்களின்மேல் நிற்கும். நிறத்தைத் தவிர நாம் தேர்ந்தெடுக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் ‘இங்கே எடுத்தால் என்ன ஆகும்?’ என்ற கேள்வி பிள்ளையின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குமேல் என்ன உத்தி வேண்டும்?

வரைபடப்பித்தன்:
அது அழகான பொம்மை. மறுக்கவில்லை. ஆனால் தோற்க முடியாத ஒன்றை உத்தி விளையாட்டு என்று சொல்லாதீர்கள்.

நீலக்கூரை:
பொம்மை என்ற சொல்லை வசையாக வீசாதீர்கள் நண்பரே. சிம்சிட்டியை உருவாக்கிய வில் ரைட்டே அதைப் பொம்மை என்றுதான் சொல்லிவந்தார். 1984இல் அவர் செய்தது ஒரு ஹெலிகாப்டர் சண்டை விளையாட்டு. அதற்காகத் தீவுகளை வரையும்போது, குண்டு போடுவதைவிடத் தீவு கட்டுவதுதான் சுவையாக இருக்கிறது என்று கண்டுகொண்டார். சிம்சிட்டி அப்படித்தான் பிறந்தது. வெற்றி, தோல்வி என்று ஒரு முடிவு இல்லாத விளையாட்டை யார் வாங்குவார்கள் என்று வெளியீட்டாளர்கள் தயங்கினார்கள். அன்று அவர்கள் கேட்ட கேள்வியைத்தான் இன்று நீங்கள் கேட்கிறீர்கள்.

கழிவுநீர்க்காவலர்:
இருவரும் தோல்வி வேண்டுமா வேண்டாமா என்றே மல்லுக்கட்டுகிறீர்கள். ஏன் தோற்றோம் என்பது பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

2015இல் வந்த சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் ஆறு உண்மையிலேயே ஒரு திசையில் ஓடும். புதிதாக ஆடுபவர் ஆற்றங்கரையில் கழிவுநீர்க் குழாயை வைப்பார். அதற்குக் கீழே, நீரோட்டம் போகும் பக்கத்தில், குடிநீர் இறைக்கும் நிலையத்தை வைப்பார். சற்று நேரத்தில் ஆற்றில் பழுப்பு நிறம் படர்ந்து வரும். வீடுகளின்மேல் நோய்க் குறிகள் வரிசையாக எழும்பும். எந்தக் கையேடும் தேவையில்லை. அந்தப் பழுப்புக் கோட்டைக் கண்ணால் பின்தொடர்ந்து போனாலே குற்றவாளி அகப்பட்டுவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதே விளையாட்டில் இன்னொன்றும் உண்டு. பெரிய குடியிருப்புப் பகுதியை ஒரே மூச்சில் திறந்துவிட்டால் ஏறக்குறைய ஒரே வயதுள்ளவர்கள் மொத்தமாகக் குடியேறுவார்கள். வெகுகாலம் கழித்து மொத்தமாக இறப்பார்கள். சவ ஊர்திகள் போதாமல் நகரமே திணறும். எப்போதோ செய்த காரியத்துக்கு இப்போது தண்டனை. இரண்டையும் இணைத்துக் காட்ட திரையில் எந்தத் தடயமும் இல்லை. பெரியவர்களே தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் அது. சிறுவர் விளையாட்டிலிருந்து நீக்க வேண்டியது இந்த மாதிரித் தோல்வியைத்தான்.

இருபிள்ளைத்தாய்:
ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் சிக்கல் வேறு. என் மகன் ஆடிய ஓர் இலவச நகர விளையாட்டில் பள்ளிக்கூடம் கட்டி முடிய நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். விளையாட்டுக்குள் இருக்கும் வைரத்தைக் கொடுத்தால் உடனே முடியும். அந்த வைரம் நிஜப் பணத்துக்குக் கிடைக்கும். அதில் தோல்வியும் கிடையாது, திவாலும் கிடையாது. எங்கள் பணப்பைதான் திவால்.

வரைபடப்பித்தன்:
அம்மா, நான் சொல்வதற்கு நீங்களே சாட்சி. நிதிப் பற்றாக்குறை, இட நெருக்கடி என்று விளையாட்டுக்குள் எந்தத் தடையும் இல்லாமல் போனால் பிள்ளையை நிறுத்திவைக்கக் கடிகாரம் ஒன்றுதான் மிஞ்சும். பிறகு அந்தக் கடிகாரத்தை விற்பார்கள்.

நீலக்கூரை:
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு! டவுன்ஸ்கேப்பரில் தோல்வியும் இல்லை, கடிகாரமும் இல்லை. ஒருமுறை விலை கொடுத்தால் தீர்ந்தது. குற்றம் வியாபார முறையில் இருக்கிறது. அதைத் தோல்வி இல்லாத விளையாட்டின் தலையில் கட்டாதீர்கள்.

மூலநிரல்:
பட்ஜெட் இருந்தால் பிள்ளை ‘நிஜ நகரத்தை’ கற்றுக்கொள்ளும் என்ற பேச்சு எனக்கு உவப்பில்லை. பழைய சிம்சிட்டியில் சாலையே போடாமல் எங்கும் ரயில் பாதையாக இழுத்துவிட்டால் போக்குவரத்து நெரிசலே வராது. ரயில் நல்லது என்று அந்த விளையாட்டு நிரூபித்துவிட்டதா? விதியை எழுதியவர் அப்படி எழுதினார், அவ்வளவுதான். வில் ரைட் படித்துத் தூண்டுதல் பெற்றது அமெரிக்கப் பேராசிரியர் ஜே பாரஸ்டர் 1969இல் நகர இயக்கம் பற்றி எழுதிய நூல். அதன் முடிவுகள் வெளிவந்த நாளிலிருந்தே சர்ச்சைக்கு உள்ளானவை. வரியைக் கூட்டினால் மக்கள் ஓடுவார்கள் என்று பிள்ளை இயற்பியல் விதியைப் போல மனப்பாடம் செய்துகொள்ளும். விளையாட்டில் பொய் இருக்கலாம். அது பாடப்புத்தக வேடம் போடுவதுதான் ஆகாது. அந்தப் பழைய சிம்சிட்டியின் மூலநிரல், அதாவது விதிகள் எழுதப்பட்ட நிரல்வரிகள், 2008இல் மைக்ரோபொலிஸ் என்ற பெயரில், யாரும் திறந்து பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற உரிமத்துடன் வெளியானது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் அதைத் திறந்து, விதிகளை எண்களாகவே பார்க்கலாம்.

வரைபடப்பித்தன்:
விதி பொய்யாகவே இருக்கட்டும். ஒரு விதியோடு மோதிப் பார்த்தவனுக்குத்தான் ‘இது சரியா?’ என்ற சந்தேகமே வரும்.

மூலநிரல்:
ஆயிரத்தில் ஒருவனுக்கு வரும்.

இருபிள்ளைத்தாய்:
பெரிய பேச்சாகப் போகிறது. மகனுக்கு ஏழு வயது, மகளுக்குப் பத்து. என்ன வாங்கட்டும்?

கழிவுநீர்க்காவலர்:
சின்னவனுக்கு டவுன்ஸ்கேப்பர், யோசிக்கவே வேண்டாம். மகளுக்கு மினி மெட்ரோ என்ற ரயில் பாதை போடும் விளையாட்டு. வட்டம், முக்கோணம், சதுரம் என்று நிலையங்கள் முளைக்கும். கோடு இழுத்து இணைக்க வேண்டும். எழுத்துப் படிக்க வேண்டியதே இல்லை. ஒரு நிலையத்தில் கூட்டம் வழிந்தால் அதைச் சுற்றி ஒரு வளையம் மெல்ல நிரம்பும். முழுதாக நிரம்பினால் ஆட்டம் முடிந்தது. எந்த நிலையத்தால் தோற்றோம் என்பது பளிச்சென்று தெரியும். அது சலித்தபின் கணினியில் ஸ்கைலைன்ஸ் கொடுங்கள். முடிவற்ற பணம் என்று ஒரு தேர்வு அதிலேயே இருக்கிறது. முதலில் அதைப் போட்டுவிட்டு ஆறு, குழாய், சாலை எல்லாம் பழகட்டும், பிறகு எடுத்துவிடலாம்.

வரைபடப்பித்தன்:
முடிவற்ற பணத்தைக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு எடுப்பதா? எடுத்த அன்று வீடு இரண்டாகிவிடும். முதல் நாளே பட்ஜெட்டோடு கொடுங்கள் அம்மா. இரண்டு நகரம் திவாலாகட்டும். மூன்றாவதில் வரிப் பலகையை அவளே திறப்பாள்.

நீலக்கூரை:
இரண்டாவது நகரத்தோடு கணினியை மூடிவிட்டுத் தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள்.